பர்ஸுக்குள்ளேயே இருந்துவிட்ட கடிதம்: ஒரு பரிந்துரை தவறியதும் பிறகு போய்ச் சேர்ந்ததும் (நிகழ்வு ஆய்வு)

வலிப்பு வந்து அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்த ஒருவரின் பர்ஸில் இருந்து அவர் மனைவி ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். எட்டாக மடித்திருந்தது. மடிப்பு ஓரங்கள் நைந்துபோய், பிரித்தால் கிழிந்துவிடும் போலிருந்தது. மெதுவாகப் பிரித்தேன். என் கையெழுத்து. ஏழு வாரத்துக்கு முன்னால் மது மீட்புப் பிரிவுக்கு நான் எழுதிக் கொடுத்த பரிந்துரைக் கடிதம்.

ஏழு வாரமாக அதைத் தூக்கியும் போடவில்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. அந்த நைந்த காகிதத்தில் இருந்துதான் இந்த ஆய்வு தொடங்குகிறது. பரிந்துரை என்பது நம்மில் பலருக்கு ஓபியின், அதாவது புறநோயாளர் பிரிவின், கடைசி அரை நிமிட வேலை. இந்த நோயாளி விஷயத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதன் விளைவு என்ன, பிறகு எதை மாற்றினோம் என்பதை என்னைப் போன்ற பொது மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரும் மனைவியும் இதை வாசித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே வெளியே தருகிறேன்.

முதல் மூன்று வருகைகள்

46 வயது. எலக்ட்ரீஷியன். மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். முதல் முறை வந்தது நெஞ்செரிச்சலுக்கும் தூக்கமின்மைக்கும். இரத்த அழுத்தம் 150/96. "குடிப்பீங்களா?" என்று கேட்டேன். கேட்கும்போது என் கண் கணினித் திரையில் இருந்தது. "எப்பவாவது டாக்டர்" என்றார். அதையே பதிவு செய்துவிட்டு, அமிலம் குறைய மாத்திரை எழுதி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து வந்தபோது, படிவத்தில் கையெழுத்துப் போட அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டதைக் கவனித்தேன். இரத்தப் பரிசோதனை எழுதினேன். ஈரல் நொதிகளான ஏஎஸ்டி 118, ஏஎல்டி 52, ஜிஜிடி 310, சிவப்பணுக்களின் சராசரி அளவு 103. ஏஎஸ்டி ஏஎல்டியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதும், சிவப்பணு பெருத்திருப்பதும், ஜிஜிடி இப்படி ஏறியிருப்பதும் ஒன்றாகச் சேர்ந்தால் மதுவை நினைக்காமல் இருக்க முடியாது.

மூன்றாவது வருகை. ஓபியில் அன்றைக்கு நல்ல கூட்டம். ரிப்போர்ட்டை அவர் பக்கம் திருப்பி வைத்து, "இதைப் பார்த்தாலே தெரியுது. உண்மையைச் சொல்லுங்க" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு "தினமும் கொஞ்சம்" என்றார். "உடனே நிறுத்துங்க. இல்லேன்னா ஈரல் போயிடும்" என்று சொல்லிவிட்டு இந்தக் கடிதத்தை எழுதினேன்:

"46 வயது ஆண். குடிப்பழக்கம் உள்ளது. தூக்கமின்மை. மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறேன். நன்றி."

எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் ஆகியிருக்கும். எவ்வளவு குடிக்கிறார், எத்தனை வருடமாக, கடைசியாக எப்போது, முன்பு நிறுத்திப் பார்த்தாரா, நிறுத்தியபோது உடம்பு என்ன செய்தது, எதையும் கேட்கவில்லை. அந்தக் கைநடுக்கம் காலையில் குடித்ததும் அடங்குகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால், "உடனே நிறுத்துங்க" என்ற வார்த்தை என் வாயில் இருந்து வந்திருக்காது.

தினமும் நிறையக் குடிப்பவரின் மூளை, மதுவின் அடக்கும் தன்மைக்கு எதிர்விசை கொடுத்தே பழகியிருக்கும். மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால் அந்த எதிர்விசை மட்டும் மிஞ்சும். நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் கடைசிக் குடிக்குப் பின் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆள், இடம், காலம் தெரியாமல் பிதற்றும் ஆபத்தான குழப்பநிலை பொதுவாக 48 மணி நேரத்துக்கு மேல், மூன்றாம் நான்காம் நாளில் வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். மது சார்பு முற்றியவரிடம், தனியாக, திடீரென்று நிறுத்தச் சொல்வது தவறான மருத்துவ ஆலோசனை. நான் சொன்னது அதைத்தான்.

அவர் என் பேச்சைக் கேட்டார். ஏழு வாரம் தள்ளிப்போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குளியலறை வாசலில் வலிப்பு வந்து விழுந்தார்.

வார்டில்

மருத்துவப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடிப்பவருக்கு வலிப்பு வந்தால் அது மதுவால்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யக்கூடாது. விழுந்ததில் தலையில் அடிபட்டிருந்ததால் சிடி ஸ்கேன் எடுத்தோம். சர்க்கரை, சோடியம், மக்னீசியம் பார்த்தோம். குளுக்கோஸ் ஏற்றும் முன் தையமின் ஊசி போட்டோம். அந்த வைட்டமின் வற்றியிருக்கும் உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படும் அபாயம் உண்டு. விலகல் அறிகுறிகளை அடக்கும் பென்சோடயஸெபீன் மருந்துகளில், ஈரல் சோர்ந்திருந்ததால் டயஸெபாமுக்குப் பதிலாக லோராசெபாம் கொடுத்தோம். மூன்றாம் இரவு எல்லோரும் விழிப்பாக இருந்தோம். குழப்பநிலை வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த லெட்டரை ஏன் பர்ஸ்லயே வெச்சிருந்தீங்க?"

"போகணும்னுதான் வெச்சிருந்தேன் டாக்டர்."

"அப்புறம்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "அதுல குடிப்பழக்கம்னு எழுதியிருந்துச்சு. அதைக் கொண்டுபோய் கவுன்டர்ல நீட்டணும். பின்னாடி நாலு பேர் நிப்பாங்க. உள்ள இருக்கிறவங்க சத்தமா படிச்சா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "அதோட, நீங்க என்னை அனுப்பிவிட்டுட்டீங்கன்னு நெனச்சேன். இனிமே பிரஷருக்கு உங்ககிட்ட வரலாமா கூடாதான்னே தெரியல."

இந்த இரண்டு பதில்களையும் பல நாள் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். பரிந்துரை செய்யும்போது, யார் பார்ப்பார்கள், எந்த மருந்து கொடுப்பார்கள் என்று நாம் யோசிக்கிறோம். அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் வரிசையில் நிற்பதை யோசிப்பதில்லை. "அனுப்புகிறேன்" என்று நாம் எழுதுவதை, "தள்ளிவிடுகிறேன்" என்று அவர் படிக்கக்கூடும் என்பதும் நமக்குத் தோன்றுவதில்லை.

கேட்க வேண்டியிருந்த கேள்விகள்

அன்றைக்குத்தான் முறையாகக் கேட்டேன். முதலில், "உங்க குடியைப் பத்திக் கொஞ்சம் விவரமாப் பேசலாமா?" என்று அனுமதி கேட்டேன். சின்ன விஷயம்தான். ஆனால் படுக்கையில் படுத்திருந்தவர் அதைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

தினமும் சுமார் 375 மி.லி. விஸ்கி. தூய ஆல்கஹால் கணக்கில் ஏறக்குறைய 120 கிராம். இரண்டு வருடமாகக் காலையிலும். குடியின் அளவையும் பாதிப்பையும் கணிக்க உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ஆடிட் வினாத்தாளை எடுத்தோம். 10 கேள்விகள், மொத்த மதிப்பெண் 40. 8 வந்தாலே கவனிக்க வேண்டும். 20-ஐ எட்டினால் மது சார்பு இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு சிறப்புப் பிரிவின் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவருக்கு 29. நேரம் இல்லாத ஓபியில் முதல் மூன்று கேள்விகளை மட்டுமாவது கேட்கலாம், அதற்கே ஆடிட்-சி என்று தனிப் பெயர் உண்டு. முதல் நாளே அந்த மூன்றையும் கேட்டிருந்தால் "எப்பவாவது" என்ற பதிலோடு நான் நின்றிருக்க மாட்டேன்.

மனச்சோர்வுக்கான பிஎச்கியூ-9 வினாத்தாளில் 27-க்கு 17. மது விலகும் நாட்களில் தூக்கம், பசி, பதற்றம் எல்லாமே கலங்கியிருக்கும் என்பதால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒன்பதாவது கேள்வியை அப்படித் தள்ளிவைக்க முடியாது. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது அந்தக் கேள்வி. "சில நாட்கள்" என்று குறித்திருந்தார்.

இங்கே பல மருத்துவர்கள் தயங்குவார்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம். அப்படி ஆவதில்லை, கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நேராகவே கேட்டேன். "உயிரை விட்டுடலாம்னு தோணியிருக்கா?" தோன்றியிருக்கிறது. திட்டம் ஏதாவது? இல்லை. முன்பு முயற்சி செய்ததுண்டா? இல்லை. எது தடுத்தது? "சின்னப் பொண்ணு." இதை யாரிடமாவது சொன்னீர்களா? "இப்பதான்."

இன்னொரு கேள்வியும் கேட்டேன், பிற்பாடு அதுதான் மிக முக்கியமானதாக ஆயிற்று. குடிக்காமல் நீண்ட நாள் இருந்த காலம் ஏதாவது உண்டா, அப்போது மனசு எப்படி இருந்தது? நான்கு வருடத்துக்கு முன்னால் ஐந்து மாதம் விட்டிருந்தாராம். "அப்பவும் இதே இருட்டுதான் டாக்டர். அதனாலதான் திரும்ப ஆரம்பிச்சேன்."

இரண்டு கதவுகள்

மனநலப் பிரிவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "முதல்ல குடியை நிறுத்தட்டும் சார், அப்புறம் மனச்சோர்வைப் பார்க்கலாம்" என்றார்கள். மது மீட்புப் பிரிவைக் கூப்பிட்டேன். "தற்கொலை எண்ணம் இருக்குன்னா எங்களால எடுக்க முடியாது. அதை அங்க சரி பண்ணிட்டு அனுப்புங்க" என்றார்கள்.

இரண்டு பேரையும் நான் குறை சொல்லவில்லை. மது விலகிய இரண்டு மூன்று வாரத்தில் மனச்சோர்வு தானாகவே வடிந்துவிடுகிறவர்கள் நிறைய உண்டு, ஆகவே முதலாமவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இரவில் மருத்துவர் இல்லாத ஒரு பிரிவு உயிராபத்து உள்ளவரைச் சேர்க்கத் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் அந்த மனிதர் நடுத்தெருவில் நிற்பார். மதுவும் மனச்சோர்வும் சேர்ந்தே இருக்கும் நோயாளிகள் மிகவும் சாதாரணம். அவர்களை இரண்டாகக் கிழித்து இரண்டு வரிசையில் நிறுத்தும் ஏற்பாடு எங்கேயும் வேலை செய்வதில்லை.

அன்று மாலை இரு பிரிவு மருத்துவர்களையும் ஒரே அழைப்பில் இணைத்தேன். நோயாளியின் சம்மதத்தோடு, அவர் படுக்கைப் பக்கத்திலேயே, ஸ்பீக்கரில். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இவருக்கு யார் பொறுப்பு, யார் துணை? பத்து நிமிடத்தில் முடிவாயிற்று. மது மீட்புப் பிரிவில் வாரம் ஒருநாள் உட்காரும் மனநல மருத்துவர் பொறுப்பு. மருந்து, மனச்சோர்வு, உயிராபத்து எல்லாம் அவர் பார்வையில். ஆலோசகர் அதே நாளில், அடுத்த அறையில். இரத்த அழுத்தமும் ஈரலும் என்னிடம்.

அழைப்பின் கடைசியில் மனநல மருத்துவர், "ஐயா, கேட்டுட்டு இருக்கீங்களா? வந்ததும் கவுன்டருக்குப் போகவேண்டாம். நேரா பதிமூணாம் நம்பர் அறைக்கு வந்து என் பேரைச் சொல்லுங்க" என்றார். கவுன்டர் விஷயத்தை நான் முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருந்தேன். படுக்கையில் இருந்தவர் போனைப் பார்த்துத் தலையாட்டினார், எதிர்முனைக்குத் தெரியாது என்பதையும் மறந்து.

இரண்டாவது கடிதம்

இதை அவர் முன்னால் வைத்தே எழுதினேன். கடிதம் மூடிய உறைக்குள் போகும், உறையின் மேல் மருத்துவர் பெயரும் அறை எண்ணும் மட்டும்தான் இருக்கும் என்று முதலிலேயே காட்டினேன்.

"உங்களிடம் நான் கேட்பது: (1) இவருடைய மனச்சோர்வு மதுவால் வந்ததா, தனியானதா? மருந்தை இப்போதே தொடங்கலாமா? (2) மது நாட்டத்தைக் குறைக்கும் மருந்துகளில் இவருடைய ஈரல் நிலைக்கு எது ஏற்றது?

46 வயது. தினமும் சுமார் 375 மி.லி. விஸ்கி, இரண்டு வருடமாகக் காலையிலும். கடைசியாகக் குடித்தது வலிப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை. தானாக நிறுத்திய இரண்டாம் நாளில் ஒரு வலிப்பு. சிடி இயல்பு. குழப்பநிலை வரவில்லை. ஆடிட் 29. விலகலின் ஐந்தாம் நாளில் பிஎச்கியூ-9 மதிப்பெண் 17. உயிரை விடலாம் என்ற எண்ணம் சில நாட்களில் வந்திருக்கிறது. திட்டமோ முன் முயற்சியோ இல்லை. பாதுகாப்புத் திட்டம் எழுதிக் கொடுத்துள்ளோம், மனைவிக்குத் தெரியும். நான்கு வருடம் முன்பு ஐந்து மாதம் குடிக்காமல் இருந்தபோதும் மனச்சோர்வு இருந்ததாகச் சொல்கிறார். தூக்க மாத்திரை, வேறு போதைப்பொருள் பழக்கம் இல்லை. புகைப்பதில்லை. சிறுநீரகம் இயல்பு. ஈரல் பரிசோதனை முடிவுகள் இணைப்பில்.

எலக்ட்ரீஷியன். உயரத்தில் ஏறவும் வண்டி ஓட்டவும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வாய்வழி தையமின் தொடர்கிறது. பென்சோடயஸெபீன் கொடுத்து அனுப்பவில்லை.

அவர் விரும்புவது, அவர் சொன்னபடியே: 'கை நடுங்காம ஸ்க்ரூ முடுக்கணும். ராத்திரி தூங்கணும்.'

இவர் என் நோயாளியாகவே தொடர்கிறார். உங்கள் முதல் சந்திப்புக்குப் பின் நான்கு வரி எழுதி அனுப்பினால் போதும். இவர் வராவிட்டால் அன்றே எங்கள் செவிலியருக்குச் சொல்லுங்கள்."

எழுதி முடித்து அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். மனைவியோடு நடந்த தகராறு பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அதில் விரலை வைத்து, "இது வேணுமா டாக்டர்?" என்றார். சிகிச்சைக்கு அது தேவையில்லை, அடித்துவிட்டேன். வன்முறையோ பிள்ளைகளின் பாதுகாப்போ சம்பந்தப்பட்டிருந்தால் அடித்திருக்க மாட்டேன். அதை ஏன் எழுதத்தான் வேண்டும் என்று அவருக்கு விளக்கியிருப்பேன். மனைவியிடம் தனியாகக் கேட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அடித்தேன்.

கேள்வியை ஏன் முதலில் வைத்தேன் என்றால், சிறப்பு மருத்துவர் கடிதத்தை நின்றுகொண்டு படிக்கிறார். "மேல்சிகிச்சைக்கு" என்று மட்டும் வந்தால் எங்கே தொடங்குவது என்று அவர்தான் தேடவேண்டும். கேள்வி இருந்தால் அதற்குப் பதில் வரும். இந்தக் கடிதத்துக்கு வந்தது.

பாதுகாப்புத் திட்டம் என்று கடிதத்தில் சொன்னது ஒரு பக்கக் காகிதம். ஸ்டான்லி, பிரௌன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த முறை அது. மனசு இருள்வதற்கு முன் தெரியும் அறிகுறிகள், அப்போது தானே செய்யக்கூடியவை, போய் உட்காரக்கூடிய இடமும் ஆட்களும், உதவி கேட்கக்கூடிய உறவுகள், கூப்பிட வேண்டிய மருத்துவ எண்கள், வீட்டில் ஆபத்தானதை அப்புறப்படுத்துவது, இந்த வரிசையில் நோயாளியே தன் கையால் நிரப்புவது. அவர் முதல் வரியில் எழுதியது: "டூல் பாக்ஸைத் திறக்கவே பிடிக்காது."

குரலில் இருப்பது

பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மாரிஸ் சாஃபெட்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவும் 1962-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு உண்டு. அவசரப் பிரிவுக்கு வந்த மது நோயாளிகளில் ஒரு பாதியை வழக்கம்போல அனுப்பினார்கள். மறுபாதியோடு மனநல மருத்துவரும் சமூகப் பணியாளரும் அங்கேயே பழகி, தொடர்ந்து கூடவே இருந்து, சிகிச்சைக்கு அழைத்துப் போனார்கள். வழக்கமான பிரிவில் முதல் சந்திப்புக்குப் போனவர்கள் நூற்றுக்கு 5 பேர் அளவில்தான். மற்றப் பிரிவில் 65 பேர் அளவில். "இவங்களுக்கு விடணும்கிற எண்ணமே கிடையாது" என்று நாம் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்களும் நினைவுக்கு வருகின்றன.

அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 1967-இல் இன்னொன்று செய்தார்கள். மது நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் பேசியதைப் பதிவு செய்து, சொற்கள் விளங்காதபடி வடிகட்டி, தொனியை மட்டும் கேட்கவைத்து மதிப்பிடச் சொன்னார்கள். குரலில் கோபம் அதிகமாக ஒலித்த மருத்துவர்கள் அனுப்பிய நோயாளிகள், சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தது குறைவாக இருந்தது. ஆய்வில் பங்கெடுத்த மருத்துவர்கள் மிகச் சிலரே, அதனால் அதை வைத்து ஒரேயடியாக அடித்துப் பேச முடியாது. ஆனால் "உண்மையைச் சொல்லுங்க" என்று நான் சொன்னபோது என் குரல் எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் வேறு மாதிரி பேசினேன். "சிகிச்சைக்குப் போகணும்னு எவ்வளவு தோணுது, பத்துக்கு எவ்வளவு குடுப்பீங்க?" "நாலு." "ரெண்டு குடுக்காம ஏன் நாலு?" இந்தக் கேள்வி ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற முறையில் இருந்து வருவது. ஏன் எட்டு இல்லை என்று கேட்டால் நோயாளி தடைகளை அடுக்குவார். ஏன் இரண்டு இல்லை என்று கேட்டால் தன் காரணங்களைத் தானே சொல்வார். அவர் சொன்னார்: "பொண்ணு முன்னாடி விழுந்தேன்ல."

இடைவெளி நாட்கள்

எட்டாம் நாள் டிஸ்சார்ஜ். சந்திப்பு அதிலிருந்து ஒன்பதாம் நாள். பரிந்துரைகள் பெரும்பாலும் கைநழுவுவது இந்த இடைவெளியில்தான். நம் கணக்கில் அவர் அனுப்பப்பட்டுவிட்டார், அவர்கள் கணக்கில் இன்னும் வரவில்லை, ஆகவே யாருடைய நோயாளியும் இல்லை.

மூன்றாம் நாள் எங்கள் செவிலியர் போன் செய்தார். ஐந்தாம் நாள் என்னிடம் இரத்த அழுத்தத்துக்கு வரச் சொன்னோம், வந்தார். கடிதம் உறையோடு பையில் இருந்தது. உயிரை விடும் எண்ணம் பற்றி மறுபடி கேட்டேன். குறைந்திருந்தது. அது கூடியிருந்தாலோ, திட்டமாக மாறியிருந்தாலோ, மறுபடி குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தியிருந்தாலோ, ஒன்பதாம் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே சேர்த்திருப்போம்.

ஒன்பதாம் நாள் அவர் போகவில்லை.

அன்று மாலை நான்கு மணிக்கு மது மீட்புப் பிரிவில் இருந்து செவிலியருக்கு அழைப்பு வந்தது. ஐந்து மணிக்குச் செவிலியர் அவரைக் கூப்பிட்டார். "ஏன் போகலை?" என்று தொடங்காமல், "எப்படி இருக்கீங்க?" என்று தொடங்கினார், அது அவராகச் செய்தது. வாசல் வரை போயிருக்கிறார். போர்டைப் பார்த்ததும் கால் எழவில்லை. எதிர்ப்பக்கம் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். செவிலியர், "சரி, வாசல் வரைக்கும் போயிட்டீங்கல்ல. அடுத்த தடவை வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. உள்ள போனதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க" என்றார். நான்கு நாள் கழித்து இன்னொரு நேரம் வாங்கிக் கொடுத்தார். அன்று காலை 10.20-க்கு மிஸ்டு கால் வந்தது.

பல பிரிவுகளில், முதல் சந்திப்புக்கு வராதவரின் கடிதத்தைத் திருப்பி அனுப்பிக் கோப்பை மூடிவிடுவார்கள். வராமல் போவது இந்த நோயின் ஒரு பகுதி, அதை ஒழுங்கீனமாக எடுத்துக்கொண்டால் யாருக்கு மிக அதிகமாக உதவி வேண்டுமோ அவர்களையே முதலில் இழப்போம். ஜெரோம் மோட்டோ என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மருத்துவமனையில் இருந்து வெளியேறிய பின் தொடர் சிகிச்சையை மறுத்த 843 பேரைப் பின்தொடர்ந்தார். அவர்களில் ஒரு பாதிக்கு அவ்வப்போது சிறிய கடிதம் மட்டும் போனது, நலமா என்று கேட்டு, எந்தக் கோரிக்கையும் இல்லாமல். முதல் இரண்டு வருடங்களில் அவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. அந்த முடிவுகளின் முழு அறிக்கை 2001-இல் வந்தது. அந்தக் கடிதங்களை நினைத்தால், எங்கள் செவிலியரின் இரண்டு நிமிட அழைப்பு சிறிய காரியமாகத் தோன்றவில்லை.

பிறகு

மனநல மருத்துவரின் பதில் ஐந்தாம் நாள் வந்தது. மது விலகிய பின் சில வாரம் பொறுத்து மனச்சோர்வை மறுபடி அளப்பது பொது வழக்கம் என்றாலும், ஐந்து மாதம் குடிக்காத காலத்திலும் அது இருந்ததாக நாங்கள் எழுதியிருந்ததால் காத்திருக்காமல் மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின் தொடங்கியதாக எழுதியிருந்தார். மது நாட்டத்தைக் குறைக்கும் மருந்துகளில் நால்ட்ரெக்ஸோன் ஈரல் இன்னும் சற்றுத் தேறும்வரை வேண்டாம், அகாம்ப்ரோசேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, சிறுநீரகம் நன்றாக இருப்பதால் அதைத் தேர்ந்ததாகவும் எழுதியிருந்தார். இரண்டு கேள்விகள், இரண்டு பதில்கள்.

இடையில் நோயாளியின் மனைவி என்னிடம் தனியாக வந்து ஒன்று கேட்டார். குடித்தால் வாந்தி வரவைக்கும் மாத்திரை இருக்கிறதாமே, அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுத்துவிடலாமா? டைசல்ஃபிராமைத்தான் சொன்னார். எல்லா மருத்துவரிடமும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வரும். தெரியாமல் கொடுத்தால், அவர் வழக்கம்போலக் குடித்ததும் இரத்த அழுத்தம் விழலாம், இதயம் தடுமாறலாம், ஏற்கெனவே சோர்ந்த ஈரலுக்கும் அது ஆகாது. உயிருக்கு ஆபத்தில்லாமல் தப்பினாலும் வீட்டுச் சாப்பாட்டின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். இதைச் சொன்னேன். அழுதார். அவருக்கும் தூங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆலோசகரிடம் குடும்பத்தாருக்கென்று இருக்கும் குழுவில் அவருக்கும் ஒரு நேரம் வாங்கினோம். என் இரண்டாவது கடிதத்தில் விட்டுப்போனது அதுதான்: இன்னொரு நோயாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆறு மாதத்தில் இரண்டு முறை குடித்தார். முதல் முறை இரண்டு நாள், இரண்டாவது ஒரு மாலை. இரண்டு முறையும் அவரே போன் செய்து சொன்னார். ஜிஜிடி 310-இல் இருந்து 74. பிஎச்கியூ-9 மதிப்பெண் 6, ஒன்பதாவது கேள்விக்கு "ஒருபோதும் இல்லை". தூக்கம் இன்னும் முழுதாகத் தேறவில்லை, விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது.

எங்கள் ஓபியில் இப்போது சில மாற்றங்கள். பரிந்துரைப் பதிவேட்டில் "அனுப்பிய தேதி"க்குப் பக்கத்தில் "போனாரா" என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செவிலியர் அந்தக் கட்டத்தைப் பார்த்து, காலியாக இருக்கும் பெயர்களைக் கூப்பிடுகிறார். மனநலம், மது மீட்பு இரண்டு பிரிவுகளிலும் யாரைக் கேட்டு வரவேண்டும், எந்த நாள், எந்த அறை, யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்று ஒரு அட்டையில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்த அட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழசாகிவிடுகிறது, கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. ஓபியில் கூட்டம் அதிகமான நாட்களில் இன்னும் கடிதங்கள் சுருங்கிவிடுகின்றன. அப்படிச் சுருங்கிய நாளில், கேள்வியை எழுதிவிட்டுக் கூடவே ஒரு போன் செய்கிறேன்.

மனநல மருத்துவரிடம் இருந்து சென்ற வாரம் வந்த கடிதத்தின் முதல் வரி, என்னிடம் ஒரு கேள்வி. இரத்த அழுத்தம் கடைசி மூன்று முறையும் 124/80-ஐ ஒட்டியே இருக்கிறதே, மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். வியாழக்கிழமை அவர் என்னிடம் வருகிறார். பார்த்துவிட்டு எழுதவேண்டும்.